பச்சைக்கு ரெட் சிக்னல்!

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போமா? செடி எப்படிங்க சாகும்?

'இதென்ன கேள்வி... தண்ணி ஊத்தலைன்னா சாகும்'னு சொல்றீங்களா? கை கொடுங்க பாஸ்! நானும் போன நவம்பர் வரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். ஒரு கொலை முயற்சி கேஸ்ல அக்யூஸ்ட்டா நிக்கிற வரைக்கும்!

பாதிக்கப்பட்டவர், ஒரு அடீனியம். நீங்க கண்டிப்பாப் பார்த்திருப்பீங்க. பேங்க் வாசல்ல, அபார்ட்மென்ட் பால்கனியில, டிராவல்ஸ் ஆபீஸ் படியில... அடியில தொப்பை வச்சுக்கிட்டு, மேல நாலஞ்சு கிளை, நுனியில மட்டும் இலைக்கொத்து, சீஸன்ல ரோஸ் கலர்ல பூ. நர்சரியில 'பாலைவன ரோஜா'ன்னு எழுதி வச்சிருப்பாங்க. ரோஜாவுக்கும் இதுக்கும் ஸ்நானப் ப்ராப்திகூடக் கிடையாது. நம்ம ஊர் அரளிக்குத்தான் இது நெருங்கின சொந்தம். அரளி மாதிரியே சாறு விஷம்! ஆப்பிரிக்காவுல வேட்டைக்காரங்க அம்பு நுனியில தடவுவாங்களாம். இதயத்தை நேராத் தாக்குற சமாச்சாரம். அதனால கிளை ஒடிச்ச கையோட கண்ணைத் தேய்க்கிறது, கையைக் கழுவாம பஜ்ஜி சாப்பிடுறது எல்லாம் ஸ்ட்ரிக்ட்லி நோ.

சொந்த ஊர், சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிற வறண்ட பூமியும் அரேபியாவும். ஃபோர்ஸ்கால்னு ஒரு மனுஷன், லின்னேயஸோட ஸ்டூடன்ட். ஏமனுக்குப் போய்ச் செடி செடியா எழுதி வச்சார். 1763-ல அங்கேயே மலேரியாவுல இறந்துட்டார். வயசு 31. அவர் எழுதினதைக் கூடப்போன நண்பர் நீபுர் 1775-ல புத்தகமாப் போட்டார். அதுல இந்தச் செடிக்கு அவர் வச்ச பேர் 'நீரியம் ஒபீஸம்'. அதாவது... குண்டு அரளி! (சயின்டிஸ்ட்டுங்களும் நம்மள மாதிரியேதான் பட்டப்பேர் வைக்கிறாங்க.) பின்னால 1819-ல அரளிகிட்ட இருந்து பிரிச்சு, ஏடன்ங்கிற ஊர்ப் பேரை வச்சு அடீனியம்னு ஆக்கினாங்க. 'ஒபீஸம்' மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்கு.

சரி, என் கேஸுக்கு வர்றேன். எங்கிட்ட வந்து மாட்டினது சாதா அடீனியம் இல்ல. இலையில பாதி பச்சை, பாதி வெண்ணெய் கலர். ஓரத்துல யாரோ சுண்ணாம்பு தடவின மாதிரி. கொஞ்சம் வெயில் பட்டா அந்த வெள்ளைப் பக்கம் லேசா ரோஸ் அடிக்கும். நர்சரி பாஷையில 'வெரிகேட்டட்'. பூக்காத நாள்லகூடப் பூத்த மாதிரியே நிக்கும். விலை? சாதா அடீனியத்தோட பக்கத்துல வச்சு விலைச்சீட்டைப் பார்த்தீங்கன்னா ஒரு பூஜ்யம் எக்ஸ்ட்ரா அடிச்சுட்டாங்களோன்னு தோணும்.

அது என்னோடது இல்ல. எங்க ஹாஸ்டல் சீனியர் அக்காவோடது. அக்காவோட அப்பா திருச்சியில தள்ளுவண்டியில செடி விக்கிறவர். ஆந்திராவுல கடியம்னு ஒரு ஊர் இருக்கு, ராஜமுந்திரி பக்கத்துல, ஊரே நர்சரி. அங்க இருந்து வர்ற லோடுல செடி எடுத்து, தெருத் தெருவா வித்து, பொண்ணை இன்ஜினீயரிங் படிக்க வச்சவர். அக்கா பாஸ் அவுட் ஆகி புனேவுக்கு வேலைக்குப் போறப்போ, 'ஃபிளாட்ல வெயிலே வராதாம்டி. நீ பாத்துக்கோ'ன்னு தொட்டியை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டாங்க. 'தண்ணியில மட்டும் ஜாக்கிரதை'ன்னாங்க. அதை நான் 'தண்ணி ஊத்த மறந்துடாதே'ன்னு புரிஞ்சுக்கிட்டேன் பாருங்க... அங்கதான் விழுந்தது முதல் அடி!

தினமும் காலையில பல் விளக்கிட்டு வந்து ஒரு மக்கு. சாயங்காலம் ரூம்மேட் தன் பாட்டில்ல மிச்சம் இருக்கிறதை ஊத்துவா. அவளுக்கும் பாசம்! மொட்டை மாடியில இருந்தவரைக்கும் வெயில் அதைக் காப்பாத்திடுச்சு. ஐப்பசி பொறந்து மழை பிடிச்சதும், 'பாவம், நனையுதே'ன்னு ரூமுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டேன். தரை அழுக்காகக் கூடாதுன்னு அடியில ஒரு தட்டு வேற. தட்டுல தண்ணி தேங்கி நிக்கும். வெயில் கிடையாது, காத்து கிடையாது, தண்ணி மட்டும் ஃபுல் சப்ளை.

ரெண்டு வாரத்துல இலை மஞ்சள் ஆச்சு. சத்துக் குறைவுன்னு நினைச்சு மெஸ்ல இருந்து டீத்தூள் கொண்டுவந்து போட்டேன். இலை கொட்டுச்சு. தாகமோன்னு இன்னும் ரெண்டு மக்கு! ஒருநாள் தொப்பையைத் தொட்டுப் பார்த்தா... விரல் உள்ள போகுது. பழுத்த சப்போட்டா மாதிரி. ஒரு வாடை வேற.

அக்காவுக்கு போன் பண்ணப் பயம். மூணு நாள் தள்ளிப்போட்டேன். அந்த மூணு நாள்ல எவ்வளவு அழுகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் வயிறு கலங்குது. கடைசியில பண்ணிட்டேன். 'அக்கா, செடி அழுகிடுச்சுக்கா. வேற வாங்கித் தந்துடறேன்க்கா'ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம்தான் சொன்னாங்க. இதோட தாய்ச்செடி அவங்க வீட்ல ஏழெட்டு வருஷமா இருந்ததாம். அப்பா யாருக்கும் விலை சொல்லாம வச்சிருந்த செடி. அக்காவோட ஃபைனல் இயர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம், அதை ஒருத்தர் ஃபார்ம் ஹவுஸுக்குக் கேட்டிருக்கார். அப்பா கொடுத்துட்டார். கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நுனியை வெட்டி, விதையில வளர்ந்த ஒரு சாதா அடீனியம் மேல ஒட்டுக் கட்டி வச்சார். அதுதான் எங்கிட்ட இருந்த தொட்டி.

'வேற வாங்கித் தர்றேன்'னு சொன்ன வாயைத் தைச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அஞ்சு நிமிஷத்துல அப்பாகிட்ட இருந்தே வீடியோ கால். திட்டப் போறார்னு நினைச்சேன். 'பாப்பா, அழுறதை அப்புறம் வச்சுக்க. செடியைத் தூக்கி வெளிய எடு'ன்னார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆபரேஷன் ஸ்டார்ட்!

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. உங்க வீட்டு அடீனியமும் ஒருநாள் மழைக்காலத்துல படுக்கும். அப்போ உதவும்.

மண்ணை உதறி, வேரையும் தொப்பையையும் நல்லாக் கழுவணும். எங்க அமுக்கினா அமுங்குதோ அங்க இருந்து வெட்டு. கத்தி சுத்தமா இருக்கணும், சமையல் கத்தியா இருக்கக் கூடாது. நான் டிராயிங் கிளாஸுக்கு வாங்கின பேப்பர் கட்டரை சானிடைஸர் போட்டுத் துடைச்சு எடுத்துக்கிட்டேன். வெட்ட வெட்ட உள்ள பழுப்பு. 'இன்னும் வெட்டு'ங்கிறார். 'அப்பா, பாதி போயிடுச்சுப்பா'ங்கிறேன். 'வெங்காயம் மாதிரி வெள்ளையா, கெட்டியாத் தெரியணும். ஒரு பழுப்புப் புள்ளி மிச்சம் இருந்தாலும் நாளைக்கு மறுபடி அழுகும். பாவம் பாக்காத'ங்கிறார். ஆரஞ்சு சைஸ்ல இருந்த தொப்பை கடைசியில எலுமிச்சம்பழ சைஸுக்கு வந்து நின்னுச்சு. வேர்னு சொல்லிக்க ரெண்டே நூல்.

வெட்டின இடத்துல பூஞ்சணக் கொல்லிப் பவுடர் தடவணும். அந்த நேரத்துக்கு எந்த உரக்கடை திறந்திருக்கும்? மெஸ் அண்ணாகிட்ட பட்டை வாங்கி இடிச்சுப் பூசினோம். ஓரளவுக்குப் பூஞ்சையை அடக்கும். மறுநாள் கடையில நிஜப் பவுடர் வாங்கிட்டு வந்தேன். அப்புறம்? எதுவுமே பண்ணக் கூடாது! மண்ணும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். காத்தோட்டமா, நிழல்ல, பத்து நாள் காயப்போடணும். ஷூ லேஸ்ல கட்டி ஜன்னல் கம்பியில தொங்கவிட்டேன். எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ் எக்ஸாமுக்குப் படிக்கிற பத்து நாளும் தலைக்கு மேல அது தொங்கிட்டே இருந்துச்சு. எனக்கும் அதுக்கும் யார் பாஸ் ஆவோம்னு ரூம்மேட் பெட் கட்டினா. படுபாவி, செடி மேலதான் கட்டினா!

தொப்பைங்கிறது தண்ணி டேங்க். பாலைவனத்துல எப்பவோ ஒருநாள் பெய்யிற மழையைக் குடிச்சுச் சேர்த்து வச்சு, மாசக்கணக்கா ஓட்டுற செடி இது. அதனாலதான் மண்ணே இல்லாம பத்து நாள் தொங்க முடிஞ்சது. தினமும் ஒரு மக்கு ஊத்தினா, டேங்க் நிறைஞ்சு வழியிற வீட்ல மோட்டாரை ஆஃப் பண்ணாத மாதிரி. வேர் மூச்சு விட மண்ணுல காத்து வேணும். அந்த இடத்துலயும் தண்ணி போய் உக்காந்தா வேர் திணறும், பூஞ்சை உள்ள வரும், கதை முடியும்.

காய்ஞ்ச காயத்தோட மறுபடி நட்டோம். இந்த முறை மண்ணே வேற. 'மண்ணு'ன்னு சொல்றதே தப்பு. அப்பா சொன்ன கலவையில மண்ணே கிடையாது! ஒரு டப்பா செங்கல் துண்டு, கடலைப் பருப்பு சைஸுக்கு உடைச்சு, தூசியைச் சலிச்சு எறிஞ்சது. ஒரு டப்பா பெருமணல். அரை டப்பா நல்லா மக்கின தொழு உரம், ஒரு கைப்பிடி அடுப்புக் கரி. செங்கல்லுக்கு எங்க போறதுன்னு கேக்காதீங்க, எந்த காலேஜ்ல கட்டட வேலை நடக்கல? சலிக்கிறதுதான் முக்கியம். தூசி இருந்தா சேறாகி, மறுபடி ஆரம்பத்துல இருந்து அழுகல். டெஸ்ட் ரொம்ப சிம்பிள்... மேல ஒரு மக்கு ஊத்தினா சில செகண்ட்ல அடி ஓட்டை வழியா ஓடிடணும். தேங்கி நின்னு உங்களையே பாத்துச்சுன்னா கலவை ஃபெயில். அடித்தட்டு? குப்பைத்தொட்டிக்கு!

தண்ணி எப்ப ஊத்துறதுன்னு கிழமை பார்க்காதீங்க. ஒரு ஈர்க்குச்சியை அடி வரைக்கும் குத்தி எடுங்க. ஈரம் ஒட்டியிருந்தா நோ. காய்ஞ்சு வந்துச்சுன்னா தொப்பையை அமுக்குங்க. கல்லு மாதிரி இருந்தா இன்னும் டேங்க்ல சரக்கு இருக்கு, ரெண்டு நாள் பொறுக்கலாம். லேசா விட்டுக்கொடுத்தா நல்லா நனையிற மாதிரி ஒரே ஊத்து. ஒரு விஷயத்தை மட்டும் நல்லா மனசுல வச்சுக்குங்க. கலவை காய்ஞ்சு தொப்பை தளர்ந்தா தாகம். கலவை ஈரமா இருக்கும்போதே தொப்பை தளர்ந்தா அழுகல். ரெண்டும் விரலுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் நேர் எதிர். நான் மாட்டினது இங்கதான்.

டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசமும் மொட்டைக் குச்சியா நின்னுச்சு. குளிர்காலத்துல அடீனியம் இலை கொட்டித் தூங்குறது வழக்கம்தான். ஆனா இது தூங்குதா செத்துப்போச்சான்னு யாருக்குத் தெரியும்? தினமும் நகத்தால ஓரமாச் சுரண்டி, உள்ள பச்சை தெரியுதான்னு பார்ப்பேன். 'இதுக்கு நீயே அதைக் கொன்னிருக்கலாம்'னா ரூம்மேட்.

பிப்ரவரி ரெண்டாவது வாரம். அடியில, தொப்பைக்குக் கொஞ்சம் மேல, ஊசி முனை மாதிரி ஒரு பச்சை! நாலே நாள்ல இலையா விரிஞ்சுது. ஒரு வாரத்துல ஏழு இலை. தளதளன்னு, பளபளன்னு... ஹாஸ்டல் விங் மொத்தத்துக்கும் எக்ளேர்ஸ் கொடுத்தேன். நாலு ஆங்கிள்ல போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அப்பா, பிழைச்சுக்கிச்சு!

ரிப்ளை வர அரை மணி நேரம் ஆச்சு.

'அது நம்ம செடி இல்லடி.'

புரியல. மறுபடி போய் நல்லாப் பார்த்தேன். இலையில வெள்ளையே இல்ல. எல்லாம் சுத்தப் பச்சை. அப்பதான் உறைச்சுது. ஒட்டுக் கட்டின இடத்துல ஒரு மோதிரம் மாதிரி தழும்பு இருக்கும். அதுக்கு மேல இருக்கிறதுதான் வெரிகேட்டட். கீழ இருக்கிறது சாதா அடீனியம், வேரைக் கடனாக் கொடுத்த வாடகைத்தாய். துளிர் வந்தது தழும்புக்குக் கீழே இருந்து. எங்களுக்கு வேண்டிய குச்சி மேல மொட்டையா நிக்குது. கீழ இருந்தவர் ஜம்முன்னு கடை விரிச்சுட்டார்.

'வெட்டிடு'ன்னாங்க அக்கா.

வெட்டுறதா? மூணு மாசத்துல அந்தத் தொட்டியில உயிரோட தெரிஞ்ச ஒரே விஷயம் அதுதாங்க!

இங்க என் டிபார்ட்மென்ட் கொஞ்சம் உள்ள வருது, மன்னிச்சுக்குங்க. நான் ட்ரிபிள்-ஈ. இலையில இருக்கிற பச்சையம்தான் ஜெனரேட்டர். வெயிலை வாங்கிச் சர்க்கரையாக்குறது அதுதான். வெள்ளைப் பாகத்துல அந்த ஜெனரேட்டர் கிடையாது, வெறும் லோடு. பச்சைப் பாகம் சம்பாதிக்கும், வெள்ளைப் பாகம் உக்காந்து சாப்பிடும். அதனால வெரிகேட்டட் செடி எப்பவும் சாதா செடியைவிட ஸ்லோ. பக்கத்துலயே ஒரு முழுப் பச்சைக் கிளை வந்துட்டா, அது சம்பாதிச்சுச் சம்பாதிச்சு வேகமா வளர்ந்து, வேர்ல இருந்து வர்ற தண்ணியையும் அள்ளிக்கும். வெள்ளைக்காரர் மெதுவா இளைச்சு ஒருநாள் காணாமப் போயிடுவார். யாரும் கொலை பண்ணல, நோயும் இல்ல. பச்சை ஜெயிச்சுடும், அவ்வளவுதான். நிறைய வீட்ல 'வாங்கினப்ப வெள்ளையும் பச்சையுமா இருந்துச்சுங்க, இப்ப வெறும் பச்சை ஆயிடுச்சு'ன்னு சொல்வாங்க பாருங்க, மேட்டர் இதுதான்.

சில சமயம் தழும்புக்கு மேல இருந்தே முழுப் பச்சைக் கிளை வரும். அது இன்னொரு கதை. செடியோட நுனிமொட்டு பல அடுக்கா இருக்கு, பெயின்ட் மேல பெயின்ட் அடிச்ச மாதிரி. என்னைக்கோ ஒருநாள், ஒரே ஒரு செல்லுல பச்சையம் செய்யிற வேலை ரிப்பேர் ஆச்சு. அதோட வாரிசு எல்லாம் ஒரு அடுக்கா வெள்ளை. பக்கத்து அடுக்கு பச்சை. ஒரு செடிக்குள்ள ரெண்டு குடும்பம் ஒரே கூரைக்கு அடியில குடியிருக்கு. பச்சை அடுக்கு மட்டும் முந்திக்கிட்டுக் கிளை விட்டா முழுப் பச்சை. வெள்ளை மட்டும் முந்தினா ஒரு துளி பச்சைகூட இல்லாத கிளை. பார்க்க தேவதை, ஆனா சுயமாச் சம்பாதிக்காது. முழுப் பச்சையை வெட்டுங்க. முழு வெள்ளையையும் நம்பாதீங்க.

இதுல ஒரு செம கதை இருக்கு, அதுவும் நம்ம வீட்டு அந்திமந்தாரையில! 1909-ல ஜெர்மனியில காரென்ஸ்னு ஒருத்தர், கலர் கலந்த இலை இருக்கிற அந்திமந்தாரையை எடுத்துக்கிட்டார். ஒரே செடியில பச்சைக் கிளை, வெள்ளைக் கிளை, கலந்த கிளை மூணும் இருந்துச்சு. ஒவ்வொரு கிளையோட பூவுக்கும் விதவிதமான மகரந்தத்தைப் போட்டுப் பார்த்தார். பச்சைக் கிளைப் பூவோட விதை பச்சையா வளர்ந்துச்சு. வெள்ளைக் கிளையோட விதை வெள்ளையா முளைச்சுச் செத்துப்போச்சு. கலந்த கிளையோட விதையில மூணும் வந்துச்சு. மகரந்தம் எங்க இருந்து வந்துச்சுங்கிறது கணக்குலயே இல்ல! பச்சையம் இருக்கிற அந்தக் குட்டிப் பை அம்மா வழியா மட்டும்தான் போகுதுன்னு பின்னால புரிஞ்சுது. மெண்டல் விதிக்கு அடங்காத பரம்பரை. அதே வருஷம் பாவர்னு இன்னொருத்தர் வேற ஒரு செடியில கணக்கு வித்தியாசமா வர்றதையும் காட்டினார். அங்க அப்பாவுக்கும் பங்கு உண்டு.

நமக்கு இதுல என்ன? ஆன்லைன்ல 'வெரிகேட்டட் அடீனியம் விதை'ன்னு பாக்கெட் பாக்கெட்டா விக்கிறாங்கல்ல... பர்ஸை மூடுங்க பாஸ்! தாய் மாதிரியே கோடு போட்டு முளைக்கிறது லாட்டரி. கிடைச்ச அழகை அப்படியே காப்பாத்த ஒரு நம்பகமான வழி, அந்தக் கிளையோட ஒரு துண்டை எடுத்து வேற வேர்ல ஒட்டுக் கட்டுறது. அதனாலதான் அந்த விலை. அதனாலதான் எங்க தொட்டியில இருந்த அந்த மொட்டைக் குச்சி அவ்வளவு முக்கியம்.

மறுபடி அப்பாவுக்கே போன். 'வெட்டணும் பாப்பா. ஆனா இன்னைக்கு வேணாம்'னார். எலுமிச்சம்பழ சைஸ் தொப்பை, ரெண்டு நூல் வேர். இப்ப அதுக்குச் சோறு போட ஆள் வேணும். பச்சைத் துளிர் சம்பாதிக்கிறது வேருக்குப் போகட்டும். நுனியை மட்டும் கிள்ளி அடக்கி வை. மேல நாலு இலை விரிஞ்ச அன்னைக்கு யோசிக்காம வெட்டு. 'யோசிச்சா வெட்ட மாட்டே'ன்னு ஒரு வார்த்தை கூடச் சொன்னார். என்னை நேர்ல பார்த்ததே இல்ல அவர்!

மார்ச் கடைசியில மேல முதல் இலை. பாதி பச்சை, பாதி வெள்ளை. நகம் சைஸ்தான். ரெண்டு, மூணு, நாலு... கீழே பச்சையார் அதுக்குள்ள என் சுண்டு விரல் தடிமனுக்கு வளர்ந்து, இருபத்தி மூணு இலையோட நிக்கிறார். கட்டரை எடுத்துட்டுப் போய்க் கால் மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தேன். இந்தத் தொட்டிக்கு இத்தனை நாள் சோறு போட்டது அதுதானே? ரூம்மேட்தான், 'தள்ளு, நான் வெட்டுறேன்'னா. வேணாம்னுட்டு நானே வெட்டினேன். அடியோட, தழும்புக்குக் கீழ ஒரு மொட்டுகூட விடாம.

தூக்கிப்போட மட்டும் மனசு வரல. காயம் ஆற ஒரு வாரம் காயவிட்டு, ஒரு பெயின்ட் டப்பாவுல ஓட்டை போட்டு, அதே செங்கல் கலவையில குத்தி வச்சேன். குச்சியில இருந்து வர்ற அடீனியத்துக்கு விதையில இருந்து வர்றது மாதிரி அழகான தொப்பை வராது. ஆனா வேர் பிடிக்கும். பிடிச்சுது.

கத்திரி வெயில்ல இன்னொரு பாடம். சாதா அடீனியம் எவ்வளவு வெயில் கொடுத்தாலும் 'இன்னும் கொண்டா'ங்கும். வெரிகேட்டட் அப்படி இல்ல. வெள்ளைப் பாகம் சீக்கிரம் கருகும். ஒரே மத்தியானத்துல ரெண்டு இலை அப்பளம் ஆயிடுச்சு. காலை வெயில் நாலஞ்சு மணி நேரம், அப்புறம் பச்சை வலை நிழல்னு மாத்தினேன். நிழல்ங்கிறதுக்காக ரூம்ல வைக்காதீங்க, பூ வராது. உரமும் சாதா செடிக்குப் போடுறதுல பாதிதான். அதுவும் தழைச்சத்தை அள்ளிப் போட்டா இலைக்குத்தான் போகும், பூவுக்கு வராது. மாவுப்பூச்சி வந்துச்சு, பட்ஸ்ல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சேன். அரளிப் புழுன்னு ஒண்ணு வரும், பச்சையா, விரல் நீளத்துக்கு, பெரிய நீலக் கண் வரைஞ்ச மாதிரி. அந்த விஷ இலையைச் சிப்ஸ் மாதிரி தின்னும்! ஒரே ராத்திரியில மொட்டை அடிச்சுடும். கையால எடுத்துத் தூரப் போடுங்க.

ஜூன் கடைசியில ஒரே ஒரு மொட்டு. பத்து நாள் இழுத்தடிச்சு விரிஞ்சுது. அஞ்சு இதழ், ஓரம் அடர் ரோஸ், உள்ள போகப் போக வெளுத்து, தொண்டையில மஞ்சள். பெரிய பூன்னு சொல்ல முடியாது. அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். 'தாய்ல பூ இன்னும் பெருசா இருக்கும்'னு மட்டும் சொன்னார். அப்புறம் பேச்சை மாத்தி, எங்க ஊர்ப் பக்கம் மழையான்னு கேட்டார்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கான்வொகேஷனுக்கு அக்கா வந்திருந்தாங்க. கூடவே அப்பாவும், வெள்ளைச் சட்டையில. கவுன் போட்டுப் போட்டோ எடுத்து முடிச்சதும் அப்பா நேரா ஹாஸ்டல் கேட்டுக்கு வந்துட்டார். உள்ள விட மாட்டாங்கல்ல... நானும் ரூம்மேட்டும் ரெண்டு தொட்டியையும் தூக்கிட்டு வந்து வாட்ச்மேன் ஸ்டூல் மேல வச்சோம். அவர் வெள்ளைச் செடியோட தொப்பையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. பெயின்ட் டப்பாவைப் பார்த்துத்தான் சிரிச்சார்.

'இதை எதுக்குடி வச்சிருக்கே?'ன்னாங்க அக்கா.

'தூக்கிப்போட மனசு வரலக்கா.'

'நல்லதாப் போச்சு'ன்னார் அப்பா. 'ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கிறது ஆபத்து பாப்பா. ஒரு மழை போதும்.' சட்டைப் பையில இருந்து புது பிளேடும் ஒரு பிளாஸ்டிக் டேப்பும் எடுத்தார். இதுக்காகவே திருச்சியில இருந்து கொண்டுவந்திருக்கார்! பச்சைச் செடியோட தலையைச் சமமா ஒரே சீவல். வெள்ளைச் செடியில புதுசா வந்திருந்த கிளையில விரல் நீளம் நுனி, அதோட இலையைக் கிள்ளி, அடியைச் சமமா ஒரு சீவல். ரெண்டு தோலும் ஒரு பக்கமாவது நேராச் சேர்ற மாதிரி வச்சு, காத்துப் புகாம இறுக்கிச் சுத்தி, மேல ஒரு பாலிதீன் பை கவுத்துக் கட்டினார். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நான் அடியோட வெட்டின பச்சை மேலயே அந்த வெள்ளைக் குச்சி ஏறி உக்காந்துக்கிச்சு.

'மூணு வாரம் நிழல்ல வை. பிரிச்சுப் பாக்காத. தண்ணி...'ன்னு ஆரம்பிச்சார். என் முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திக்கிட்டார்.

இன்னைக்குப் பன்னெண்டாவது நாள். பைக்குள்ள குச்சி இன்னும் கருக்கல. ரூம்மேட் மறுபடி செடி மேலதான் பெட் கட்டியிருக்கா. பிரிச்சுப் பார்க்கக் கை துறுதுறுங்குது. இன்னும் ஒன்பது நாள் இருக்கு.